புள்ளி எடுத்தாரும் புள்ளி காத்தாரும்

ஒருவருடைய ஆற்றலை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினா மிகப் பழையது. புலவர் அவையிலும் அவ்வினா எழுந்தது, போர்க்களத்திலும் எழுந்தது, இன்று விளையாட்டரங்கிலும் எழுகின்றது. இலக்கியத்துக்கென ஒதுக்கிய இப்பக்கத்திலே கூடைப்பந்தாட்டம் பற்றி எழுதப் புகுவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறல் கூடும். ஆட்டத்தின் விதிகளை விளக்குவது நம் நோக்கமன்று. புகழுக்குரியார் யார், அப்புகழ் எவ்வாறு பங்கிடப்படுகின்றது, அப்பங்கீட்டிலே நீதி உண்டா என்பனவே நாம் ஆராய விரும்புவன. இவை ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கிய அன்பர்க்கும் புறம்பான வினாக்கள் அல்ல.

ஆராய்ச்சிக்கு இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் போட்டிகளில் ஒரே காலத்தில் ஆடியவர்கள். ஒருவர் கோபி பிறையன்ற். 1996 தொடக்கம் 2016 வரை இருபது பருவங்கள் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கேர்ஸ் என்னும் ஒரே அணிக்கு ஆடி, ஐந்து முறை சம்பியன் பட்டம் பெற்று, பதினெட்டு முறை நட்சத்திர அணிக்குத் தெரிவு செய்யப்பட்டு, 33,643 புள்ளிகளைக் குவித்தவர். 2020ஆம் ஆண்டு சனவரி மாதம் உலங்குவானூர்தி விபத்தில் அவர் மறைந்தபோது கூடைப்பந்தாட்டம் அறியாதவரும் வருந்தினர். மற்றவர் சேன் பட்டியே. 2001இல் மெம்பிஸ் அணியிற் சேர்ந்து, பின் ஹூஸ்ரன் அணிக்கும் அதன்பின் மயாமி அணிக்கும் ஆடி, பதின்மூன்று பருவங்களின் பின் ஓய்வு பெற்றவர். ஓர் ஆட்டத்துக்கு அவர் எடுத்த சராசரிப் புள்ளி 8.6. நட்சத்திர அணிக்கு அவர் ஒருமுறையேனும் தெரிவு செய்யப்படவில்லை.

இவ்விருவருள் பெரிய ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் சிறு பிள்ளையும் விடை கூறிவிடும். அவ்வினாவிலே வாதத்துக்கு இடமில்லை. நாம் எழுப்பும் வினா வேறு. ஒருவருக்கு உலகம் இட்ட விலைக்கும் அவருடைய உண்மைப் பெறுமதிக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதே அது. பெருமை வேறு, விலை வேறு. பெரியவர் ஒருவர் தம் பெறுமதிக்கு மேலாகவும் விலை பெறலாம். சிறியவர் எனப்பட்டவர் தம் பெறுமதியிற் பாதியும் பெறாது போகலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே இத்தகைய வாதங்கள் முடிவின்றி நீளுகின்றன.

முதலிலே பிறையன்றின் பக்கத்தை நேர்மையோடு எடுத்துரைப்பது கடமையாகும். 2006ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி ரொறன்ரோ அணியை எதிர்த்து அவர் ஆடிய ஆட்டம் மறத்தற்கரியது. மூன்றாங் கட்டத்தின் தொடக்கத்தில் அவருடைய அணி 18 புள்ளிகள் பின்தங்கி நின்றது. பிறையன்ற் தனியொருவராய் 81 புள்ளிகள் எடுத்தார். அணி 122க்கு 104 என்ற கணக்கில் வென்றது. 1962இல் வில்ற் சேம்பலின் எடுத்த 100 புள்ளிகளை விட்டால், அன்றுவரை எவரும் ஓர் ஆட்டத்தில் அத்துணைப் புள்ளி எடுத்ததில்லை. 46 முறை வளையத்தை நோக்கி எறிந்து 28 முறை அவர் வெற்றி கண்டார். எதிரணியின் தவறுகளுக்காகக் கிடைத்த 20 தனியெறிதல்களில் 18ஐ உள்ளே வீழ்த்தினார். இஃது ஆரவாரத்துக்காக எறிந்து குவித்த புள்ளியன்று. அவர் இல்லையேல் அன்று தோல்வி உறுதி. புள்ளிக் கணக்கு ஒருவருடைய பெறுமதியைச் சரியாகவே காட்டிய இரவு அது.

ஆயினும் ஓரிரவைக் கொண்டு ஒரு பருவத்தை அளத்தல் ஆகாது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 35.4 புள்ளிகள் எடுத்தார். சங்கத்திலே அவ்வாண்டு அவரை விஞ்சினார் எவருமிலர். அவருடைய அணியோ 82 ஆட்டங்களில் 45 வென்று 37 தோற்றது. தெரிவாட்டத்தின் முதற் சுற்றிலே பீனிக்ஸ் அணியோடு மோதி, மூன்றுக்கு ஒன்று என முன்னின்றும், இறுதியில் நான்குக்கு மூன்று எனத் தோற்று வெளியேறியது. பின்னர் 2008இன் தொடக்கத்தில் பாவ் கசோல் என்னும் ஸ்பானிய வீரர் வந்து சேர்ந்தார். பிறையன்றின் சராசரிப் புள்ளி குறைந்தது. அணியின் வெற்றி பெருகியது. அவ்வாண்டே இறுதிப் போட்டிக்குச் சென்றது; 2009இலும் 2010இலும் பட்டத்தை வென்றது. அதிக புள்ளி எடுத்த பருவமே அவருக்கு அதிக பயன் விளைந்த பருவம் என்று கொள்வோர் இதற்கு யாது கூறுவர்?

இங்கே புள்ளிப் புத்தகம் என்னும் பொருளைச் சிறிது நோக்குதல் வேண்டும். பந்து வளையத்துள் வீழ்ந்தால் எறிந்தவருடைய பெயருக்கு நேரே குறிக்கப்படும். தவறிய பந்தைப் பிடித்தவருக்கு ஒரு குறி. பந்து கொடுத்து உதவியவருக்கு ஒரு குறி. ஆனால் எதிரி எறியவேண்டிய இடத்தில் எறியவிடாது, எறியத் தகாத இடத்தில் எறியச் செய்தவருக்கு அப்புத்தகத்தில் இடமே கிடையாது. எதிரி நெட்டையரை உடலால் மறித்து நின்று, தம் தோழர் பந்தைப் பிடிக்க வழிசெய்தவருக்கும் இடமில்லை. பிடித்தவருக்கே குறி. எண்ணுதற்கு எளியன எவையோ அவை எண்ணப்பட்டன. எண்ணப்பட்டவையே பின்னர் ஆற்றல் எனப் பெயர் பெற்றன. எண்ணப்படாதன இல்லாதன போலாயின.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். பொஸ்ரன் அணியின் பில் றசல் பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்களை வென்று தந்தவர். எதிரி எறிந்த பந்தைக் காற்றிலேயே தடுத்து வீழ்த்துவதே அவருடைய தலையாய திறமை. ஆனால் அத்தகைய தடுப்புகளைச் சங்கம் முறையாக எண்ணத் தொடங்கியது 1973-74ஆம் பருவத்திலேதான். றசலோ 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே, அவருடைய வாழ்நாளின் முதன்மையான தொழிலுக்கு அச்சங்கத்தின் ஏட்டிலே ஒரு முழுமையான கணக்கும் இல்லை. எனினும் அவர் காலத்து வீரர்கள் குருடர் அல்லர். 1961-62ஆம் பருவத்தில் சேம்பலின் ஆட்டமொன்றுக்கு 50.4 புள்ளிகள் எடுத்தார். றசல் எடுத்தது 18.9. அந்நாளில் மிகப் பெறுமதி வாய்ந்த வீரரைத் தெரிவு செய்யும் வாக்கு வீரர்களிடமே இருந்தது. அவர்கள் தெரிவு செய்தது றசலை. களத்திலே நேர்நின்று மோதியவர்கள், ஏட்டிலே குறிக்கப்படாததைத் தம் உடம்பினால் அறிந்திருந்தனர்.

பட்டியேயின் தொழில் றசலின் தொழிலிலும் நுண்ணியது. றசல் தடுத்த பந்தைக் கண்ணாற் காணலாம், அரங்கு ஆரவாரிக்கும். பட்டியே எதிரியின் பந்தைத் தட்டிவிடவும் பெரிதும் முயல்வதில்லை. தட்ட முயன்றாற் கை மேலே படும், மத்தியஸ்தர் தவறென்பார், எதிரிக்குத் தனியெறிதல் கிடைக்கும். பிறையன்ற் போன்ற ஒருவருக்குத் தனியெறிதல் கொடுப்பது கைப்பொருளை வலிந்து கொடுப்பதை ஒக்கும். ஆகையால் பட்டியே எறிபவரின் கண்ணுக்கு நேரே தம் கையை உயர்த்தி மறைப்பார். எதிரி எந்தப் பக்கம் திரும்பினால் குறி தவறுகின்றார், எவ்வளவு தூரத்தில் நின்று எறிந்தால் பயன் குன்றுகின்றது என்பவற்றை ஆட்டத்துக்கு முன்னரே கணக்குகளிற் படித்துக்கொண்டு வருவார். பின்னர் ஆட்டம் முழுவதும் எதிரியை அந்தப் பக்கத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் தள்ளிக்கொண்டே இருப்பார். எதிரி எறியத்தான் செய்வார். சில எறிதல்கள் விழத்தான் செய்யும். பார்ப்பவர்க்குப் பட்டியே தோற்றவர் போலவே தோன்றும்.

இதிலுள்ள கணக்கு மிக எளிது. தொலைவிலே நின்று எறியும் இரண்டு புள்ளி எறிதல் நூற்றுக்கு நாற்பது விழுமாயின், நூறு எறிதலாற் கிடைப்பது 80 புள்ளி. இன்னும் ஓரடி பின்னே சென்று கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் மூன்று புள்ளி. அது நூற்றுக்கு முப்பத்தாறே விழுந்தாலும் 108 புள்ளி. வளையத்தின் அருகே சென்று இடுவது நூற்றுக்கு அறுபது விழுமாயின் 120 புள்ளி. ஆகவே, அருகே செல்ல விடாமலும், கோட்டுக்கு வெளியே இடந்தராமலும், நடுவேயுள்ள அந்தப் பயன்குன்றிய வெளியிலே எதிரியை எறியச் செய்பவர், நூறு எறிதலுக்கு முப்பது நாற்பது புள்ளிகளைத் தம் அணிக்குச் சேமித்துத் தருகின்றார். எடுத்த புள்ளியும் காத்த புள்ளியும் வெற்றிக் கணக்கிலே ஒரே நிறையுடையன. எடுத்ததற்குப் பெயர் உண்டு. காத்ததற்குப் பெயர் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இந்தப் பெயரில்லாத புள்ளியை அளக்க ஒரு முறை கண்டனர். ஒருவர் களத்தில் நிற்கும்போது அவருடைய அணி எடுத்த புள்ளி எத்தனை, கொடுத்த புள்ளி எத்தனை என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பதே அம்முறை. யார் எடுத்தார் என்பது இங்கே கேள்வியன்று. அவர் நிற்கும்போது அணிக்கு நன்மை விளைகின்றதா என்பதே கேள்வி. 2007இல் ஹூஸ்ரன் அணியின் பொது முகாமையாளராய்ப் பொறுப்பேற்ற டறில் மோறி என்பவர் கணினி விஞ்ஞானம் கற்றவர். இத்தகைய கணக்குகளிலே நாட்டமுடையவர். அவருடைய கணக்கிலே பட்டியே மிக உயர்ந்து நின்றார். மைக்கல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் 2009ஆம் ஆண்டு நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் இதனை விரிவாக எழுதியபோது பட்டியேயின் பெயர் உலகெங்கும் பரவியது. எட்டாண்டு ஆடிய ஒருவரை உலகம் அறிவதற்கு ஓர் எழுத்தாளரின் கட்டுரை வேண்டியிருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது.

அக்கட்டுரை சுட்டிய செய்தி ஒன்று நம் உள்ளத்தைத் தொடுவது. சான் அன்ரோனியோ அணியின் மனு ஜினோபிலி தொடக்கத்திலே களமிறங்காது, சிறிது நேரம் கழித்தே இறங்கும் வழக்கமுடையவர். பட்டியே தம் பயிற்றுநரிடம் சென்று, தம்மையும் தொடக்கத்தில் இறக்க வேண்டா, ஜினோபிலி இறங்கும்போதே இறக்குக என்று தாமே கேட்டுக்கொண்டார். தொடக்க ஐவருள் ஒருவராய் நிற்பது வீரர்க்குப் பெரும் மானம். அந்த மானத்தை, எவரும் கேளாமலே, அணியின் பயன் கருதி விட்டுக்கொடுத்தார். வீரருடைய சம்பளமும் புகழும் பெரும்பாலும் அவர் எடுத்த புள்ளியைப் பின்பற்றியே செல்கின்றன என்பதை நினைவிற் கொள்க. அங்ஙனமாயின், எறியத் தகாத இடத்தில் எறியாது தோழர்க்குப் பந்தை ஈபவர், தம் சம்பளத்திலே ஒரு பங்கையும் சேர்த்தே ஈகின்றார். கூடைப்பந்தாட்டத்திலே ஒருவருடைய தன்னலமும் அணியின் நலமும் நாள்தோறும் எதிரெதிர் நின்று வழக்காடுகின்றன. அவ்வழக்கிலே தமக்கெதிராகத் தாமே தீர்ப்புக் கூறுபவர் சிலரே.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று. பெயர், வினை, இடை, உரி எனச் சொல்லை நால்வகைப்படுத்துவோம். பெயரும் வினையும் தாமே பொருள் தந்து தலைநிமிர்ந்து நிற்பன. இடைச்சொல்லோ தனித்து நிற்கும் ஆற்றலில்லாதது. பெயரையும் வினையையும் சார்ந்தே வருவது. அகராதி புரட்டும் மாணாக்கன் அதனைத் தேடுவதில்லை. ஆயினும் "வீமன் துரியோதனன் வென்றான்" என்று எழுதிப் பாருங்கள். வென்றவர் யார், தோற்றவர் யார்? ஐ என்னும் ஓரெழுத்து உருபு வந்து "துரியோதனனை" என நின்ற பின்னரே வீமனுக்கு வெற்றி கிடைக்கின்றது. பெயர் வீமனுடையது, வினை அவனுடைய வெற்றி, அவ்வெற்றியை அவனுக்கு உரிமையாக்கியது ஓர் இடைச்சொல். பட்டியே போன்றவர்கள் ஆட்டக்களத்தின் இடைச்சொற்கள்.

இனி, எதிர்த்தரப்பார் கூறும் தடைகளை ஆராய்வோம். "இடைச்சொல்லையே அடுக்கி ஒரு வாக்கியம் ஆக்க முடியுமா? ஐ, ஆல், கு என்று நூறு முறை எழுதினும் பொருள் பிறக்குமா? அதுபோல ஐந்து பட்டியேக்களை நிறுத்தினால் அணி வெல்லுமா?" என்பர் ஒருசாரார். வெல்லாது. இதனை நாம் மறுக்கவில்லை. பிறையன்ற் களத்தில் நின்றால் எதிரணியின் இருவர் அவரையே நோக்கி ஓடுவர். அதனால் ஏனைய நால்வர்க்கும் வெளி கிடைக்கும். அந்த வெளியும் புள்ளிப் புத்தகத்தில் எழுதப்படாததே. ஆகவே எண்ணப்படாத பயன் இடைச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று, பெயர்ச்சொல்லுக்கும் உண்டு. மேலும், ஆட்டத்தின் இறுதி நொடிகளில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, நல்ல எறிதலுக்கு இடமே கிடையாத வேளையில், தீய எறிதலையேனும் துணிந்து எறிந்து வீழ்த்த வல்லார் ஒருவர் வேண்டும். அவ்வாற்றல் அரிது. 2009ஆம் ஆண்டுத் தெரிவாட்டத்தின் இரண்டாஞ் சுற்றில் லொஸ் ஏஞ்சலிஸும் ஹூஸ்ரனும் மோதின. பிறையன்றைக் காக்கும் பணி பட்டியேயிடமும் றொன் ஆற்றெஸ்ற் என்பவரிடமும் இருந்தது. மூன்றாம் ஆட்டத்தோடு நெடியவரான யாவோ மிங் காலிற் காயமுற்று விலகினார். எனினும் ஹூஸ்ரன் ஏழு ஆட்டங்கள் வரை இழுத்துச் சென்றது. முடிவில் வென்றது லொஸ் ஏஞ்சலிஸே. அவ்வாண்டுப் பட்டமும் அதற்கே. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருதும் பிறையன்றுக்கே.

மற்றொரு சாரார் கணக்கையே ஐயுறுவர். "பட்டியே வருமுன் ஹூஸ்ரன் 2005-06இல் 34 ஆட்டம் வென்றது, அவர் வந்தபின் 2006-07இல் 52 வென்றது. இந்தப் பதினெட்டையும் அவருடைய பெயரில் எழுதிவிடலாமா? முந்திய பருவத்திலே யாவோ மிங்கும் றேசி மக்கிறேடியும் காயத்தால் பல ஆட்டங்கள் ஆடவில்லை அன்றோ?" என்பர். இத்தடை நியாயமானது. கூட்டிக் கழிக்கும் கணக்கும், உடன் நின்றவர் யார், எதிர் நின்றவர் யார் என்பதால் மாறுபடுவதே. நல்ல தோழரோடு நின்றவருக்கு நல்ல கணக்குக் கிடைக்கும். ஒரு சில ஆட்டங்களைக் கொண்டு முடிபு செய்தால் பிழைபடும். பல பருவங்களை நோக்கி, உடன் நின்றவர் பங்கைக் கழித்துப் பார்த்தல் வேண்டும். ஆயினும் இதனையும் கருதுக. 2008இல் ஹூஸ்ரன் தொடர்ந்து 22 ஆட்டங்கள் வென்றது. பன்னிரண்டு வென்றபின் யாவோ மிங் காயத்தால் அப்பருவத்துக்கே விலகினார். எஞ்சிய பத்து வெற்றிகளும் அவரின்றியே கிடைத்தன. அவ்வெற்றிகளையும் ஒருவருக்கே உரிமையாக்குதல் பிழையே. ஆனால் பெரும் பெயர் நீங்கிய பின்னரும் வெற்றி நீங்காமல் நின்றதெனின், அவ்வணியைத் தாங்கியவை புத்தகத்தில் எழுதப்பட்டவை மட்டும் அல்ல என்பது தெளிவு.

இவ்விரு தடைகளையும் ஏற்ற பின்னும் நம் கருத்துத் தளரவில்லை, செப்பமடைகின்றது. வழக்கு இரண்டு மனிதர்க்கிடையே உள்ளதன்று. இரண்டு வகைத் தொழிலுக்கிடையே உள்ளது. ஒரே மனிதர் இரண்டு தொழிலும் செய்யலாம். 50 புள்ளிச் சராசரி கண்ட சேம்பலினே இதற்குச் சான்று. தம் முதல் ஏழு பருவங்களிலும் புள்ளி எடுப்பதில் அவரே முதல்வர். ஒரு பட்டமேனும் கிட்டவில்லை. 1966-67இல் பிலடெல்பியா அணியிலே அவர் எறிதலைக் குறைத்துத் தோழர்க்குப் பந்து கொடுத்தலையும் காத்தலையும் பெருக்கினார். சராசரி 24.1 ஆகக் குறைந்தது. அணி 81 ஆட்டங்களில் 68 வென்று பட்டமும் பெற்றது. புள்ளி பாதியாயிற்று, பயன் பெருகிற்று.

பிறையன்றிடத்தும் இதனைக் காணலாம். 2010ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் ஏழாம் ஆட்டம், எதிரணி பொஸ்ரன். அன்று அவருடைய எறிதல் கைகொடுக்கவில்லை. 24 முறை எறிந்து 6 மட்டுமே வீழ்ந்தன. ஒரு கட்டத்தில் அணி 13 புள்ளிகள் பின்தங்கியது. எறிதலை மட்டுமே பெறுமதி எனக் கருதுபவர் அன்று அவரால் அணி தோற்றது என்றே எழுதியிருப்பர். ஆனால் அன்று அவர் தவறிய பந்துகளைப் பாய்ந்து பாய்ந்து 15 முறை கைப்பற்றினார். அத்தொழில் அவருடைய உயரத்தவர்க்கு இயல்பானதன்று. அம்முறை அவருடைய அணிக்கே வந்து சேர்ந்திருந்த ஆற்றெஸ்ற், காப்பாட்டத்துக்கே பெயர் போனவர், 20 புள்ளிகள் எடுத்தார். இறுதி நிமிடத்தில் ஒரு மூன்று புள்ளி எறிதலையும் வீழ்த்தினார். கசோல் 18 முறை பந்தைக் கைப்பற்றினார். 83க்கு 79 என அணி வென்றது. பெயர்ச்சொல் இடைச்சொல்லாகவும், இடைச்சொல் பெயர்ச்சொல்லாகவும் மாறி நின்ற இரவு அது. பிறையன்றின் பெருமையை நிறுவ 81 புள்ளி இரவைக் காட்டுவார் பலர். எம்மைக் கேட்டால், இந்த 6க்கு 24 இரவையே காட்டுவோம்.

பட்டியேயும் அவ்வாறே ஓரிரவு பெயர்ச்சொல் ஆனார். 2013ஆம் ஆண்டு இறுதிப் போட்டி. மயாமிக்கும் சான் அன்ரோனியோவுக்கும் ஏழாம் ஆட்டம். அத்தெரிவாட்டம் முழுவதும் அவருடைய எறிதல் குறி தப்பியது; களத்தில் நிற்கும் நேரமும் குறைக்கப்பட்டது. அதனால் மனம் நொந்து சோராது தம் முறை வரும்வரை காத்திருந்தார். ஏழாம் ஆட்டத்தில் எதிரணியின் கவனமெல்லாம் லெப்ரோன் ஜேம்ஸ் மீதே இருந்தது. பட்டியேக்கு வெளி கிடைத்தது. ஆறு மூன்று புள்ளி எறிதல்களை வீழ்த்தி 18 புள்ளிகள் எடுத்தார். ஜேம்ஸ் 37 எடுத்தார். 95க்கு 88 என மயாமி பட்டம் வென்றது. பட்டியேக்கு அவ்வெளியை ஆக்கியது ஜேம்ஸின் பெருமை. அவ்வெளியை வீணாக்காதது பட்டியேயின் பெருமை. இவ்விரண்டிலே ஒன்றை மட்டும் எண்ணுகின்ற கணக்குப் பாதிக் கணக்கேயாம்.

ஆகவே நம் முடிபு இது. பிறையன்ற் பட்டியேயினும் பெரிய ஆட்டக்காரர், இதில் ஐயமில்லை. ஆனால் உலகம் இவ்விருவர்க்கும் இட்ட விலைகளுக்கிடையே உள்ள தூரம், அவர்தம் பெறுமதிகளுக்கிடையே உள்ள தூரத்திலும் மிகமிகப் பெரிது. அந்த மிகுதி, எண்ணத் தெரியாத நம் பிழையாற் பிறந்தது. நட்சத்திரத்தைத் தூற்றுவதால் அப்பிழை தீராது. பேர் பெற்றவரைப் பழிப்பதே நுண்ணறிவு எனக் கருதும் ஒரு வகைச் செருக்கும் இக்காலத்தில் வளர்ந்து வருகின்றது. புள்ளி எடுத்தவரைத் தன்னலக்காரர் என்பதும், எடுக்காதவரைத் தியாகி என்பதும் அச்செருக்கின் வாய்பாடு. எடுக்க முடியாமையும் விட்டுக்கொடுத்தலும் ஒன்றல்ல. பட்டியே போற்றப்பட வேண்டியது புள்ளி குறைந்ததற்காகவன்று. குறைந்த புள்ளியோடு பெரும்பயன் விளைத்ததற்காக.

அளவுகோல்கள் இன்று திருந்தி வருகின்றன. எதிரியின் எறிதலுக்கு எத்தனை முறை கை உயர்த்தி மறித்தார், எத்தனை பந்தைத் திசை திருப்பினார், தோழர் எறிவதற்கு எத்தனை முறை தடுப்பாய் நின்று வழி செய்தார் என்பவற்றையும் அச்சங்கம் இப்போது எண்ணி வெளியிடுகின்றது. றசலின் காலத்தில் ஏட்டில் இடம் பெறாதவை இன்று இடம் பெறுகின்றன. இது நன்று. ஆயினும் எத்துணை நுண்ணிய புத்தகம் வரினும் எண்ணப்படாத ஒன்று எஞ்சியே தீரும். அதனைக் காணுதற்குக் கண் வேண்டும். அக்கண்ணைப் பயிற்றுவது ஆசிரியர் தொழில்.

நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நிகழ்கின்றது. ஓட்டத்தில் முதல்வருக்கும், அதிக புள்ளி எடுத்தவருக்கும், அதிக ஓட்டம் குவித்தவருக்கும் கிண்ணம் வழங்குகின்றோம், வழங்குதல் தகும். ஆனால் இளம் பிள்ளைகள் நாம் எதற்குக் கிண்ணம் கொடுக்கின்றோம் என்பதைக் கொண்டே எது பெரியது என்று கற்றுக்கொள்கின்றனர். புள்ளிக்கு மட்டும் பரிசு கொடுக்கும் பாடசாலையிலே, தோழன் வெளியிலே நிற்பதைக் கண்டும் பந்தைத் தானே எறியும் பிள்ளையையே நாம் வளர்ப்போம். பின்னர் அப்பிள்ளை பெரியவனாகி எந்த அவையில் அமர்ந்தாலும் பந்தைப் பிறர்க்கு ஈயான்.

ஆதலின், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆட்டத்திலே புள்ளிக் கணக்கு எழுதும் மாணாக்கனுக்கு அருகே இன்னொரு மாணாக்கனையும் இருத்துங்கள். அவன் கையில் ஒரு வெற்றேட்டைக் கொடுங்கள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனை மறித்து நின்றவன் யார், தான் பிடியாது தோழன் பிடிக்க வழிவிட்டவன் யார், நல்ல இடத்தில் நின்ற தோழனுக்காகத் தன் எறிதலை விட்டவன் யார் என்று அவன் பெயர் பெயராக எழுதட்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஏடுகளையும் அணியினர் முன்னிலையில் வாசியுங்கள். முதல் ஏட்டைக் கேட்டு ஆரவாரிப்பவர்கள், இரண்டாம் ஏட்டைக் கேட்கும்போது ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்கள்.